அண்ணனின் ஒன்பது சல்லடைகள்

குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். என் அண்ணனுக்கோ குற்றம் பார்ப்பதற்குத்தான் மாதச் சம்பளமே. கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் அவன் பரிசோதகன். பளீரென்று எரியும் வெள்ளைப் பலகைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பான். அவனுக்கும் பலகைக்கும் நடுவே பாட்டில்கள் வரிசையாக ஓடும். கழுத்தில் மயிரிழை விரிசல், வயிற்றில் குமிழ், வாயில் கோணல் என்று எது கண்ணில் பட்டாலும் கை தானாக நீளும். அந்தப் பாட்டில் பக்கத்துத் தொட்டியில் விழுந்து சுக்குநூறாகும். இருபத்தைந்து வருஷமாக இதே வேலை. அங்கே எல்லோரும் அவனைச் 'சல்லடை' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதில் அவனுக்குப் பெருமை வேறு.

வேலை முடிந்ததும் அந்தக் கண்ணைக் கழற்றி அங்கேயே மாட்டிவிட்டு வரக் கூடாதா? வரமாட்டான். வீட்டில் தண்ணீர் கொடுத்தால் தம்ளரை விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பான். அவன் தக்காளி வாங்கப் போனால் கடைக்கார அம்மா தராசைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொள்வார். "ஏங்க, என்னை மட்டும் எப்படிங்க ஒரே தடவையில சரின்னீங்க?" என்று அண்ணி ஒருமுறை ஆசையாகக் கேட்டாள். "அன்னைக்கு வெளிச்சம் பத்தலை" என்றான். அன்று முழுக்க அவனுக்கு வீட்டில் சாப்பாடு இல்லை.

தொழிற்சாலை வழக்கம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். பாட்டிலைச் சோதிக்கிறவனையும் அங்கே சோதிப்பார்கள். ஓடும் வரிசையில் சூப்பர்வைசர் சத்தமில்லாமல் சில பாட்டில்களைச் சேர்த்துவிடுவார். அடியில் சிவப்புப் புள்ளி இருந்தால் அது கெட்டது என்று ஏற்கெனவே தெரிந்த பாட்டில். அதை விட்டுவிட்டால் திட்டு. பச்சைப் புள்ளி இருந்தால் நல்லது என்று தெரிந்த பாட்டில். அதைத் தூக்கிப் போட்டாலும் அதே திட்டு. "எல்லாத்தையும் தூக்கிப் போடறதுக்கு ஆள் எதுக்குய்யா? வரிசை முடியிற இடத்துல தொட்டியை வெச்சா போதாதா?" என்பாராம் சூப்பர்வைசர். அண்ணன் வீட்டுக்கு வந்து இதை வேதவாக்காக எங்களிடம் சொல்வான். ஊருக்குத்தானே உபதேசம்.

இப்படிப்பட்டவன் லாட்டரிச் சீட்டை மட்டும் சும்மா வாங்குவானா? ஒன்றிலிருந்து நாற்பத்தொன்பது வரை உள்ள எண்களில் ஆறைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை ஒரு கோடியே முப்பத்தொன்பது லட்சத்துச் சொச்சம் விதமாகத் தேர்ந்தெடுக்கலாமாம். "அத்தனையும் உருப்படியா இருக்குமா? முக்காவாசி குப்பை. அதைக் கழிச்சுக் கட்டிட்டா மிச்சம் இருக்கிறதுலதான் பரிசு" என்பது அண்ணனின் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் அண்ணியின் பெரிய பாத்திரம் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும். உள்ளே நாற்பத்தொன்பது பாட்டில் மூடிகள், ஒவ்வொன்றிலும் பெயிண்டில் ஓர் எண். கடகடவென்று குலுக்கி ஆறு மூடியை எடுப்பான். பிறகு சல்லடை. ஆறும் ஒற்றைப்படையா, தூக்கிப் போடு. ஆறும் இரட்டைப்படையா, அதையும் போடு. பக்கத்துப் பக்கத்து எண் இருக்கிறதா, போடு. போன வாரம் விழுந்த எண் ஒன்றாவது தலைகாட்டுகிறதா, போடு. எல்லாம் முப்பத்தொன்றுக்குள்ளேயே இருக்கிறதா, அது பிறந்தநாளைப் பார்த்து எழுதுகிற சோம்பேறிகளின் எண், போடு. கூட்டுத்தொகை குறைந்தாலும் போடு, கூடினாலும் போடு. இப்படியே ஒன்பது சல்லடை. ஒன்பதாவது என்னவென்றால், அண்ணி எட்டிப் பார்த்து "இது நல்லாருக்கே" என்று சொல்லிவிட்டால் அதையும் போட்டுவிட வேண்டும். இத்தனை செய்தும் பரிசு என்று ஒன்றை நாங்கள் கண்ணால் கண்டதில்லை.

சாயங்காலம், தப்பிப் பிழைத்த எண்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதி என்னிடம் கொடுப்பான். நான் ஒரு பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறேன். எதிரே பேருந்து நிறுத்தம், அதை ஒட்டி லாட்டரிச் சீட்டுக் கடை. கடை என்றால் ஒரு கண்ணாடிக் கூண்டு, சீட்டு அடிக்கிற இயந்திரம் ஒன்று, உள்ளே ஒரு மனிதர். முதல் தடவை காகிதத்தை நீட்டியபோது அவர் அதை மேலும் கீழும் பார்த்தார். எங்கள் அண்ணனின் சல்லடைகளைப் பற்றிச் சொன்னேன்.

"அப்போ இந்த ஆறு பேரும் என்ன புண்ணியம் பண்ணித் தப்பிச்சாங்களோ" என்றார்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எங்கள் மருத்துவமனையில் என்னை யாரும் சிரிக்க வைத்தது கிடையாது. வருகிற அத்தனை பேரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். அதன் பிறகு வாராவாரம் சீட்டு வாங்கப் போனேன். பிறகு சீட்டு வாங்க வேண்டாத நாட்களிலும் போனேன். அவர் எனக்கு ஒரு சீட்டுகூட விற்க முயன்றதில்லை. "நீங்க சம்பாதிச்ச காசு, பத்திரமா வெச்சுக்குங்க" என்பார். அப்படிப்பட்ட வியாபாரி! தன் கையாலேயே தங்கையை அங்கே அனுப்பிவைத்தது யார் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

எனக்கு வயது முப்பத்து மூன்று. அப்பா அம்மா போனபோது நான் சின்னப் பிள்ளை, அண்ணன்தான் வளர்த்தான். ஆகவே மாப்பிள்ளை பார்க்கிற பொறுப்பும் அவனுடையது. விடுவானா? அதற்கும் சல்லடைகள் வைத்தான். சத்தமாகச் சிரிக்கிறார் என்று ஒருத்தரைத் தூக்கிப் போட்டான். சிரிக்கவே இல்லை என்று இன்னொருத்தர் போனார். ஒருத்தருக்குச் சொந்த வீடு இருந்தது, ஆனால் மாடிப்படி செங்குத்து. "என் தங்கச்சி வழுக்கி விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்றான். ஓர் இன்ஜினியர் எல்லாச் சல்லடையிலும் தேறி வந்துவிட்டார். "ஒரு குறைகூடத் தெரியலைன்னா உள்ளுக்குள்ள ஏதோ பெருசா இருக்குன்னு அர்த்தம்" என்று அவரையும் தொட்டியில் போட்டான். போனவர்கள் யாருக்காகவும் நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. சீட்டுக்கடைக்காரரைத் தூக்கிப் போட்டால் தாங்கமாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

அண்ணிதான் பக்குவமாகப் பேச்சை எடுத்தாள். அண்ணன் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தான்.

"லாட்டரி விக்கிறவனா? சூதாட்டத் தொழில் பண்றவனுக்கு என் தங்கச்சியா?"

அவன் சட்டைப் பையிலிருந்து அந்த வாரச் சீட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"விக்கிறவர் சூதாடின்னா வாங்குறவரை என்னன்னு சொல்றதுங்க?" என்றாள் அண்ணி.

"நான் ஆராய்ச்சி பண்றேன்!"

அத்தோடு விட்டானா? மறுநாளே விசாரிக்கப் போனான். திரும்பி வந்தபோது முகத்தில் விரிசல் கண்டுபிடித்த களை.

"வருமானம் சுமார். வாடகை வீடு. அதையெல்லாம்கூட விடு. வீட்டுல கல்யாணமாகாத தங்கச்சி ஒண்ணு இருக்கு, காலேஜ் படிக்குது. அது படிப்பு, அது கல்யாணம் எல்லாம் இவன் தலையில. நீ போனா உனக்குன்னு என்ன மிஞ்சும்? பொறுப்பைச் சுமக்கிற ஆள் வேண்டவே வேண்டாம். இதுதான் என் முதல் சல்லடை."

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ! "பாட்டிலுக்காவது பச்சைப் புள்ளி வெச்சு உன்னைச் சோதிக்கிறாங்க. வீட்டுல உன் சல்லடையை எவன் சோதிச்சான்? வர்றவனையெல்லாம் தூக்கிப் போடறதுக்கு நீ எதுக்கு? வாசல்ல ஒரு தொட்டியை வெச்சா போதாதா?"

தைக்க வேண்டிய இடத்தில் தைத்துவிட்டது. அடிபட்டவன் மாதிரி நிமிர்ந்தான்.

"சோதிக்காத சல்லடையையா நான் வெச்சிருக்கேன்னு சொல்றே?"

"அப்போ சோதிச்சுக் காட்டு!"

"காட்டறேன். லாட்டரி சல்லடையை வெச்சே காட்டறேன். அது தேறிடுச்சுன்னா நீ அந்த ஆள் பேச்சையே எடுக்கக் கூடாது."

"தேறலைன்னா?"

"தேறும்."

"தேறலைன்னா அவரைப் பத்தி மறுபடியும் பேசணும்."

"பேசுவோம். நீயே சாட்சி" என்று அண்ணியைப் பார்த்தான். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆத்திரத்தில் வாயை விட்டு, என் கல்யாணத்தைப் பாட்டில் மூடிகளிடம் அடகு வைத்துவிட்டேனே!

சோதனை எப்படி என்பதை அண்ணனே வகுத்தான். ஏற்கெனவே பரிசு விழுந்த எண்கள்தான் பச்சைப் புள்ளி பாட்டில்கள். அவற்றைச் சல்லடையில் விட்டுப் பார்க்க வேண்டும். நல்ல சல்லடை என்றால் அவை தப்பி வர வேண்டும். பழைய முடிவுத் தாள்கள் கட்டுக் கட்டாக யாரிடம் இருக்கும்? அவரிடம்தான். போய்க் கேட்டேன்.

"இவ்வளவு எதுக்குங்க?"

விஷயத்தைச் சொன்னேன்.

"அதாவது உங்க அண்ணன் ஜெயிச்சா நாம தோத்துட்டோம். அப்படித்தானே?"

"ஆமா."

"இத்தனை வருஷத்துல உங்க அண்ணன் ஜெயிச்சு நான் பாத்ததே இல்லை. பயப்படாம போங்க" என்று கட்டைத் தூக்கிக் கொடுத்தார். ஆனால் நான் சாலையைத் தாண்டுகிற வரை கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மேசை மேல் ஒரு தட்டு, கீழே ஒரு பக்கெட். நான் முடிவை வாசிப்பேன். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு "போடு" என்றால் அந்தத் தாள் பக்கெட்டுக்கு, "விடு" என்றால் தட்டுக்கு. கையால் போட வேண்டியது அண்ணி. ஒன்பதாவது சல்லடையை மட்டும் அன்றைக்கு விலக்கி வைத்தோம், அண்ணி வாயைத் திறந்தால் சோதனை கெட்டுவிடும் என்று.

"போடு" என்றான். "போடு. இதையும் போடு. விடு. போடு."

"ஏங்க, முதல் பரிசு விழுந்த நம்பருங்க இது!"

"இருக்கட்டும். பக்கத்துப் பக்கத்து எண் இருக்கு பாரு. போடு."

வாசிக்க வாசிக்கப் பக்கெட் நிரம்பியது. தட்டில் நாலு தாள் சேர்வதற்குள் அங்கே நாற்பது விழுந்தது. அண்ணன் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் "போடு" என்பதை மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னான். கடைசியில் பக்கெட்டுக்குள் குனிந்து பார்த்தான்.

"அடக் கடவுளே, அத்தனை நல்ல பாட்டிலையும் நானே உடைச்சிருக்கேனே!"

நான் குதிக்கப் போனேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். இன்னும் முடியவில்லையாம். குப்பையை இதைவிட அதிகமாகக் கழித்திருந்தால் சல்லடை தேறிவிடும் என்றான். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். எனவே அடுத்த ஞாயிறு மூடிகளைக் குலுக்கிக் குலுக்கி ஆறாறாக எடுத்து, கண்டபடி வந்த எண்களையும் அதே சல்லடைகளில் விட்டோம். ஒவ்வொரு சல்லடையையும் தனித்தனியாகப் பார்த்தான். பக்கத்துப் பக்கத்து எண் கூடாது என்ற சல்லடை பரிசு எண்களில் கிட்டத்தட்டப் பாதியைத் தூக்கிப் போட்டிருந்தது. சும்மா குலுக்கி எடுத்ததிலும் கிட்டத்தட்டப் பாதி. போன வாரத்து எண் கூடாது என்றது அங்கேயும் பாதிக்கு மேல், இங்கேயும் பாதிக்கு மேல். எதை எடுத்தாலும் அதே கதை. குலுக்கிய கையை உதறிக்கொண்டு அண்ணன் நாற்காலியில் சாய்ந்தான்.

அவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குற்றம் கண்டுபிடிக்கிறவனே தவிர, சோதனை முடிவை மறைக்கிறவன் அல்ல. அவனே தீர்ப்பு சொன்னான்.

"குப்பையில பாதி போகுது, நல்லதுலயும் பாதி போகுது. அப்போ மிச்சத்துல நான் வாங்குற சீட்டுக்கு முன்னாடி என்ன வாய்ப்போ அதே வாய்ப்புதான். சல்லடைக்குக் கண்ணே இல்லை. அந்தப் பிறந்தநாள் சல்லடை ஒண்ணு மட்டும், ஒருவேளை ஜெயிச்சா பங்குக்கு வர்ற ஆளைக் குறைக்கும். ஜெயிக்க வைக்காது."

"அப்போ தேறலை?"

"தேறலை."

"அப்போ அவரைப் பத்திப் பேசுவோமா?"

அண்ணன் தம்ளரை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தான். நழுவப் போகிறான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

"பேசலாம். ஆனா லாட்டரி வேற, மனுஷன் வேற. எண்ணுல நல்லது கெட்டது கிடையாது. மனுஷங்கள்ல உண்டு. மாப்பிள்ளை சல்லடைக்குக் கண்ணு இருக்கு."

பொய் என்று சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அண்ணி பக்கெட்டைக் காலால் தள்ளிவிட்டு எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"சரிங்க. மனுஷ சல்லடையை மனுஷனை விட்டே சோதிப்போம். அதுக்கு ஒரு பச்சைப் புள்ளி வேணும். நல்ல புருஷன்னு ஏற்கெனவே தெரிஞ்ச ஆள்."

"அப்படி யாரு இருக்கா?" என்றான் அண்ணன்.

அண்ணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான்.

"நல்ல பாட்டில்தானா அண்ணி? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றேன் நான்.

"விரிசல் இருக்கு. ஒழுகலை" என்றாள் அண்ணி. அண்ணன் முகத்தில் வந்த வெட்கத்தை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

சோதனை ஆரம்பித்தது. வருமானம்? கல்யாணத்தப்போ அவனுக்கு வேலையே நிரந்தரம் ஆகவில்லை, போடு. வீடு? ஒற்றை அறை, வாடகை, போடு. சத்தமாகச் சிரிக்கிறவரா? சிரிப்பதே இல்லை, போடு. ஒவ்வொன்றுக்கும் அண்ணி அவன் குரலிலேயே "போடு" என்றாள். நான் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். "போதும் போதும்" என்று அவனும் சிரித்தான்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குங்க. உங்க முதல் சல்லடை. வீட்டுல கல்யாணமாகாத தங்கச்சி இருக்கக் கூடாது."

சிரிப்பு நின்றது. அந்தத் தங்கை நான்தான். அண்ணியின் வீட்டார் எங்கள் ஒற்றை அறைக்கு வந்த அன்று எனக்குப் பத்து வயது. அண்ணன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"எங்கப்பாவும் இதைத்தான் சொன்னாரு" என்றாள் அண்ணி. "பொறுப்பு இருக்கிற ஆள், வேண்டாம்மா, உனக்குன்னு என்ன மிஞ்சும்னு கேட்டாரு. நான் இவளைப் பாத்தேன். ரெட்டைச் சடை போட்டிருந்தா. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ, ஒரே கோணல். யாரு பின்னி விட்டதுன்னு கேட்டேன். அண்ணன்னு சொன்னா. அப்பாகிட்ட போய் எனக்கு இவரே போதும்னு சொல்லிட்டேன்."

அண்ணன் தம்ளரைக் கீழே வைத்தான். அவன் எனக்குச் சடை பின்னியது எனக்கு மறந்தே போயிருந்தது. "அது கோணலாவா இருந்துச்சு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். கேட்கும்போதே குரல் உடைந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மறுநாள் வேலை விட்டு நேரே சீட்டுக் கடைக்கு வந்தான். நான் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி வரிசையில் போய் நின்றான். அவன் முறை வந்தது. கண்ணாடிக் கூண்டின் மூலையில் விரலை வைத்து, "இங்க ஒரு குமிழ் இருக்கு" என்றான்.

"இருக்குங்க சார். ரொம்ப நாளா இருக்கு" என்றார் அவர். பயத்தில் அவர் முகம் வெளுத்திருந்தது.

"இருந்துட்டுப் போகட்டும். ஒரு சீட்டு கொடுங்க."

"நம்பர் எழுதின காகிதம், சார்?"

"காகிதம் இல்லை. மிஷினே போடட்டும்."

இயந்திரம் சீட்டைத் துப்பியது. அண்ணன் வாங்கிப் பார்த்தான். பன்னிரண்டும் பதின்மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன, கூடவே போன வாரத்து எண் ஒன்றும் இருந்தது. அவன் கை ஒரு தரம் தொட்டியைத் தேடி நீண்டது. அப்புறம் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்துடுங்க" என்றான்.

அவர் வேகமாகத் தலையை ஆட்டினார். பின்னால் நின்றவர்கள், "சீக்கிரம் நகருங்க, பஸ்ஸு வந்துடும்" என்று கத்தினார்கள். அண்ணன் இரண்டடி நகர்ந்தான். மறுபடி திரும்பி வந்து, கண்ணாடியில் இருந்த ஓட்டைக்கு நேராகக் குனிந்தான்.

"தனியா வராதீங்க" என்றான். "உங்க தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க."